ஈறு ஓரத்தில் கூச்சம்: சொத்தை இல்லாத பல்லை அடைக்க வேண்டுமா?

கேள்வி:
மேல் வரிசையில் கோரைப் பல்லிலும் அதற்கு அடுத்த பல்லிலும் ஈறையொட்டிப் பள்ளம் விழுந்திருக்கிறது. நகத்தை ஓட்டினால் சட்டென்று தட்டுகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. வாய் திறந்து மூச்சை இழுத்தால்கூடச் சுரீர் என்கிறது. சொத்தை இல்லை, தேய்மானம்தான், அடைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். சொத்தையே இல்லாதபோது எதற்கு அடைப்பது? கூச்சத்துக்கான பற்பசை போதாதா?

பதில் 1:
பற்பசையை முதலில் முயன்று பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட் உள்ளவை வேலை காட்டச் சில வாரங்கள் பிடிக்கும். இரண்டு நாளில் கைவிட்டுவிடாதீர்கள். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளித்துக் கழுவ வேண்டாம்.

பதில் 2:
நான் பல் மருத்துவன். நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் பற்பசையை மட்டும் நம்ப மாட்டேன். ஈறு ஓரத்தில் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, மிக மெலிது. அது போனதும் உள்ளே இருக்கும் டென்டின் வெளியே தெரியும். அதில் நரம்பை நோக்கி ஓடும் நுண்குழாய்கள் ஏராளம். குளிரோ காற்றோ பட்டால் அவற்றிலுள்ள திரவம் அசைகிறது, நரம்பு அலறுகிறது. அந்தக் குழாய்களின் வாயை மூடத்தான் அடைப்பு.

எதை வைத்து அடைப்பது என்பதில்தான் சங்கதி. காம்போசிட் (ரெசின் என்ற பிசினில் நுண்துகள் கலந்த அடைப்புப் பொருள்) பல்லின் நிறத்தோடு அச்சாகப் பொருந்தும், மெருகும் நிற்கும். ஆனால் ஒட்டும் இடம் உலர்ந்திருக்க வேண்டும். ஈறிலிருந்து சிறிது ஈரம் கசிந்தாலே பிடிப்பு கெட்டுவிடும். நாள்பட்ட தேய்மானத்தில் டென்டின் இறுகிப் பளபளத்துக் கிடக்கும், அதில் பசை பிடிப்பதும் சிரமம். 1970களில் புழக்கத்துக்கு வந்த கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட், பல்லிலுள்ள கால்சியத்தோடு தானே பிணைந்துகொள்ளும், ஃபுளோரைடும் வெளிவிடும். அழகு கொஞ்சம் மட்டு, சீக்கிரம் தேயவும் செய்யும். ரெசின் கலந்த அயனோமர் இரண்டுக்கும் நடுவில். நீல ஒளி காட்டியதும் இறுகிவிடும். பள்ளம் ஈறுக்கு அடியில் இறங்கியிருந்தால் நான் எடுப்பது அதைத்தான். சிரித்தால் தெரியும் கோரைப் பல்லில், ஓரத்தில் எனாமல் மிச்சமிருந்து உலர்வாகவும் வைக்க முடிந்தால், காம்போசிட்.

பதில் 3:
எனக்கு வைத்த அடைப்பு முழுசாகக் கழன்று கையோடு வந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. அடைப்பதற்காகப் பல்லை நிறைய ராவுவார்களா? ஊசி உண்டா?

பதில் 2:
ராவ வேண்டியது அநேகமாக இல்லை. மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்குவோம், அவ்வளவுதான். கூச்சம் தாங்காதென்றால் ஊசி போடலாம். ஆனால் சூடு பட்ட வலி நெடுநேரம் நின்றாலோ, இரவில் தானாகவே வலித்தாலோ, அடைக்கும் முன் நரம்பைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.