என்.ஜி.ஓ.வுக்கு இயக்குநர் தேட கன்சல்டன்ட் வைக்கலாமா? 6 லட்சம் கேட்கிறார்கள்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் முப்பது வருஷத்துக்கும் மேலாக நடந்துவரும் ஒரு அறக்கட்டளையில் நான் டிரஸ்டி. கண்மாய் மராமத்து, மகளிர் குழுக்கள், கொஞ்சம் பள்ளிக்கூட வேலை. இதை ஆரம்பித்த ஐயாவுக்கு 70 தாண்டிவிட்டது, உடம்பும் முன்ன மாதிரி இல்லை, "எனக்கு அப்புறம் யாருன்னு இப்பவே பாருங்க" என்று அவரே போர்டு மீட்டிங்கில் சொல்லிவிட்டார். என்.ஜி.ஓ. வேலைகளுக்கான இணையதளமான டெவ்நெட் ஜாப்ஸில் விளம்பரம் போட்டோம். விண்ணப்பம் வந்து குவிந்தது, ஆனால் பாதிப் பேர் நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்றே படிக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது பெங்களூரில் என்.ஜி.ஓ. தலைமைப் பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் ஒரு கன்சல்டன்சியில் பேசினோம். வருஷச் சம்பளம் 24 லட்சம் என்றால் அதில் 25 சதவீதம் ஃபீஸ், அதாவது 6 லட்சம், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 7,08,000 ரூபாய். மூன்று தவணை. ஆள் கிடைக்காவிட்டாலும் முதல் தவணை திரும்ப வராதாம். அந்தக் காசில் ஒரு கண்மாயின் மடையைச் சரிசெய்து வரத்துக்கால்வாயையும் தூர்வாரிவிடலாமே என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. இன்னொரு டிரஸ்டி "ஐயாவோட மகள் இருக்காங்களே, எதுக்கு வெளியாள்?" என்கிறார். இந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்தப் பணத்துக்கு அவர்கள் அப்படி என்னதான் செய்வார்கள்?

மெட்ராஸ்வாசி:
சார், நான் இந்த வேலையில் இருந்தவள், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஆள் பிடித்துக் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆள் சேர்ந்தால்தான் காசு, பெரும்பாலும் ஒரு மாதச் சம்பளம், அதாவது 8.33 சதவீதம். இவர்கள் கையில் இருக்கும் பயோடேட்டாக்களை எல்லா இடத்துக்கும் தட்டிவிடுவார்கள், புரோகிராம் மேனேஜர் மட்டத்துக்கு அது போதும். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை, தேடுவதற்கே காசு. வேலை தேடாதவரிடம் போய்ப் பேசுவதுதான் இதில் பெரிய உழைப்பு, ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய ஆள் இந்நேரம் வேறொரு அமைப்பில் நன்றாக வேலை செய்துகொண்டிருப்பார், விளம்பரமெல்லாம் பார்க்கவே மாட்டார். வெளிநாட்டில் இதற்கு வருஷச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்குவது வழக்கம். அதனால் 25 என்பது கொள்ளை இல்லை, ஆனால் பேசிக் குறைக்கலாம், லாப நோக்கில்லாத அமைப்பு என்றால் பல பேர் இறங்கி வருவார்கள்.

கையெழுத்துப் போடும் முன் சிலதைக் கேட்டே ஆகவேண்டும். உங்களிடம் பேச வந்த பெரியவரேதான் தேடவும் போகிறாரா, இல்லை போன வருஷம் சேர்ந்த ஒரு பிள்ளையிடம் தள்ளிவிடுவாரா? சேர்ந்தவர் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ விலகினால் இன்னொரு முறை இலவசமாகத் தேடித் தருவார்களா? அப்புறம் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தெந்த அமைப்புகளிலிருந்து ஆளைத் தூக்கமாட்டீர்கள்? தங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து ஆள் எடுக்கமாட்டோம் என்று இவர்கள் வாக்குக் கொடுத்திருப்பார்கள். என்.ஜி.ஓ.க்களுக்கு மட்டுமே வேலை செய்யும் நிறுவனம் என்றால், தென்னிந்தியாவில் நல்ல அமைப்புகளில் பாதி அவர்கள் வாடிக்கையாளராகவே இருக்கலாம், அப்போது உங்களுக்காக எங்கே போய்த் தேடுவார்கள்? அந்தப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்.

நல்ல ஆலோசகர் முதல் இரண்டு வாரம் ஒருவரையும் தேடமாட்டார். உங்கள் ஊருக்கு வந்து கணக்காளரிடம் பேசுவார், ஜீப் ஓட்டுபவரிடம் பேசுவார், குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து கேட்பார். போர்டில் ஒருவர் நன்கொடை திரட்டும் ஆள் வேண்டும் என்பார், இன்னொருவர் களம் தெரிந்தவர் வேண்டும் என்பார், மூன்றாமவர் ஐயா மாதிரியே ஒருவர் வேண்டும் என்பார். இது மூன்றும் மூன்று ஆட்கள் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைப்பதற்குத்தான் உண்மையில் அந்தக் காசு. விசாரிப்பதிலும் பாருங்கள், வேட்பாளர் கொடுக்கும் பெயர்களோடு நிறுத்தக்கூடாது. அவருக்குக் கீழே வேலை செய்து விலகிப் போனவரிடம் பேசவேண்டும். பெண்கள், குழந்தைகளோடு வேலை செய்யும் அமைப்பு என்பதால் பழைய இடத்தில் புகார் ஏதும் உண்டா என்று நேரடியாகவே கேட்கவேண்டும்.

கணக்கப்பிள்ளை:
ஃபீஸை எந்தக் கணக்கிலிருந்து கொடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெளிநாட்டு நிதி வருகிறது என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு அந்த நிதியில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதற்கு முன் 50 ஆக இருந்தது. நிர்வாகத்துக்கு ஆள் எடுக்கும் செலவும் அந்த ஆளின் சம்பளமும் அதே 20க்குள்தான் வரும். சிறிய அமைப்பில் 7 லட்சமும் 24 லட்சமும் ஒரே வருஷத்தில் விழுந்தால் கோட்டைத் தாண்டிவிடும். பொதுநிதியில் உள்ளூர் நன்கொடை இருந்தால் அதிலிருந்து கொடுங்கள். இல்லையென்றால் பழைய நன்கொடையாளர் ஒருவரிடம் இதற்கென்றே தனியாகக் கேளுங்கள். தலைமை மாற்றத்துக்குப் பணம் கொடுக்க இப்போது சிலர் தயாராக இருக்கிறார்கள், வாய்விட்டுக் கேட்பவர்தான் குறைவு. 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உங்களைப் போன்ற அமைப்பு பெரும்பாலும் திரும்ப எடுக்கமுடியாது, அதையும் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் விஷயம்: வரக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நிறுவனரின் உறவினருக்கு நியாயமான அளவுக்கு மேல் சம்பளம் போனால் வருமான வரி விலக்கையே கேள்வி கேட்பார்கள். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், சம்பளத்தை எதை வைத்து நிர்ணயித்தீர்கள் என்பது மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கவேண்டும்.

தேரிக்காடு:
நான் இப்படித் தேடி எடுக்கப்பட்ட இயக்குநர். ஊரையும் அமைப்பையும் சொல்லவில்லை. கன்சல்டன்ட் அம்மா நன்றாகத்தான் வேலை செய்தார், என்னிடம் எதையும் மறைக்கவில்லை. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, 10,000 ரூபாய்க்கு மேல் எந்த செக்காக இருந்தாலும் நிறுவனர் கையெழுத்து வேண்டும். அலுவலகத்தில் அவர் அறை அப்படியே பூட்டாமல் இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒருங்கிணைப்பாளர்கள் வரிசையாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் காலையில் நான் முந்தின நாள் எடுத்த முடிவு மாறியிருக்கும். அவர் கெட்டவர் இல்லை. தான் பெற்று வளர்த்த அமைப்பை விட்டுக்கொடுக்க அவருக்குத் தெரியவில்லை, போர்டில் ஒருவருக்கும் அவரிடம் அதைச் சொல்லத் தைரியமில்லை.

அதனால் வைகைக்கரை சார், கன்சல்டன்ட் விஷயம் இரண்டாவது. முதலில் உங்கள் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், மேனேஜிங் டிரஸ்டி ஆயுளுக்கும் ஐயாதான் என்று எழுதியிருந்தால் வரப்போகிறவருக்கு என்ன அதிகாரம் என்பதை வக்கீலை வைத்துத் தீர்மானமாகப் போடுங்கள். பேங்க் கையெழுத்து எந்தத் தேதியில் மாறும், ஐயா எந்தத் தேதியில் அலுவலகத்துக்கு வருவதை நிறுத்துவார், அதன்பின் அவருக்கு என்ன மரியாதை, என்ன பொறுப்பு, எல்லாம் அவரையும் உட்காரவைத்துப் பேசி முடியுங்கள். இது பேசப்படாமல் ஆள் தேடுவது வரப்போகிறவருக்குச் செய்யும் அநியாயம். வேலையை விட்டு, குழந்தைகளைப் பள்ளி மாற்றி, குடும்பத்தோடு வருகிறவர் அவர்.

வைகைக்கரை:
தேரிக்காடு தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பத்திரத்தில் நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது, ஆயுள் முழுக்க ஐயா. அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் நானே பேசுகிறேன், என் பேச்சை அவர் தட்டமாட்டார். கணக்கப்பிள்ளை சார், வெளிநாட்டு நிதிதான் எங்களுக்குப் பெரும்பங்கு, ஆடிட்டரை உடனே பார்க்கிறேன். மெட்ராஸ்வாசி அம்மா, ஒரு சந்தேகம்: மகளும் விண்ணப்பிக்கட்டும் என்று விட்டால் வெளியாட்கள் பயந்து ஒதுங்கிவிடமாட்டார்களா? ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஐ.எல்.எஸ்.எஸ். பயிற்சி (கம்பெனி வேலையிலிருந்து என்.ஜி.ஓ. பக்கம் வருகிறவர்களுக்கானது) முடித்த ஒருவரும் ஆர்வமாகக் கேட்டார், அவரை என்ன சொல்வது?

மெட்ராஸ்வாசி:
மகள் போட்டியிடுவதை மறைத்தால்தான் ஒதுங்குவார்கள். முதல் பேச்சிலேயே எல்லோரிடமும் சொல்லச் சொல்லுங்கள், நேர்காணல் குழுவில் ஐயா இருக்கக்கூடாது, டிரஸ்டி அல்லாத ஒருவராவது இருக்கட்டும். மகளையும் மற்றவர்களைப் போல அதே கேள்விகளோடு அதே ஆலோசகரே பார்க்கட்டும், தேறினால் அந்தப் பெண்ணுக்கும் அது கௌரவம். ஐ.டி. அண்ணனை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் நேர்காணலுக்கு முன் இரண்டு நாள் களத்துக்கு அனுப்புங்கள், குழுத் தலைவி ஒருத்தர் வீட்டில் சாப்பிடட்டும், கண்மாய்க் கரையில், வயலுக்குத் தண்ணீர் திறந்து விடும் நீர்ப்பாய்ச்சியோடு நடக்கட்டும். திரும்பி வந்து அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்பதை வைத்தே பாதி தெரிந்துவிடும். ஐயாவிடம் பேசி முடித்த பிறகே கன்சல்டன்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், அதுவரை முதல் தவணையைக் கொடுக்காதீர்கள்.