ஏப்ரல் முதல் வாரம் தொண்டியில் தூண்டில் போடப் போகலாமா?

கேள்வி: காரைக்குடியிலிருந்து நானும் நண்பனும் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால் தொண்டி போய், தெரிந்தவர் வள்ளத்தில் மீன் பிடிக்கலாம் என்றிருக்கிறோம். கண்மாயில் கெண்டையும் விராலும் பிடித்த பழக்கம்தான், கடல் புதிது. என்ன கவனிக்கணும்?

பதில்: தாராளமாகப் போங்க தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடை விசைப்படகுக்குத்தான், வள்ளம் மாதிரி நாட்டுப்படகுக்கு இல்லை, அதனால் அவசரமே வேண்டாம். காற்றைப் பாருங்க. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், கொஞ்சம் காற்று பிடித்தாலே அலை குட்டை குட்டையாக எழுந்து வள்ளத்தைப் போட்டு ஆட்டிவிடும். விடியுமுன் கிளம்புங்க.

பதில்: கம்பு வேண்டாம், கைத்தூண்டில்தான் சரி. தங்கூசியில் (நைலான் நரம்பு) ஈயக்குண்டு கட்டி, இறாலையோ கணவாய்த் துண்டையோ தூண்டில் முள் தெரியாமல் கோத்து இறக்கி, குண்டு தரை தொட்டதும் ஒரு முழம் தூக்கி விரலில் பிடித்திருங்க, சுண்டினால் உடனே தெரியும். விளமீன், பாறை மீன் எல்லாம் அப்படித்தான் விழும். ஊளி மீன் ஏறினால் வாய்ப்பக்கம் கை கொண்டுபோகாதீங்க, பல் அப்படி.

பதில்: அண்ணே, கடல்புல் இருக்கிற இடத்தில் தயவுசெய்து நங்கூரம் போட வேண்டாம், கடல்பசு மேய்வது அங்கேதான். 2022-ல் வடக்கே புதுக்கோட்டை, தஞ்சைக் கடலை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள்.

கேட்டவர்: சரிங்க, படகுக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். லைஃப் ஜாக்கெட் இரண்டு கையோடு எடுத்துப் போகிறோம்.