ஞானப்புகழ்ச்சிப் பாட்டுக்கு டிரம்ஸ் வைப்பது எப்படி?

தக்கலைக்காரன் கேட்டது:

எனக்கு ஊர் தக்கலை. சூஃபி ஞானி பீரப்பாவின் ஆண்டுவிழா இரவில் அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சி பாடுவதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். விடிய விடியப் பாடுவார்கள். வாப்பாவும் அதில் ஒரு குரல். இப்போது நாங்கள் நாலு பேர் ராக் பேண்ட் வைத்திருக்கிறோம். பயிற்சி மார்த்தாண்டத்தில், ஒரு டயர் கடை மாடியில். எனக்குக் கிட்டார்.

வாப்பா பாடியதைப் போனில் பதிவு செய்து, கிளிக் (தாளம் காட்டும் டக் டக் சத்தம்) போட்டுப் பார்த்தேன். முதல் வரி நிமிஷத்துக்கு 70 தட்டுக்குப் பொருந்தியது. நாலாவது வரியில் 76க்கு வந்துவிட்டது. மூச்சு வாங்கும் இடத்திலோ கணக்கே கிடையாது. டிரம்ஸ் வாசிப்பவன் 72இல் பூட்டி வாசித்தான். பாட்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது மாதிரி ஆகிவிட்டது.

போன மாதம் நண்பன் கல்யாண வரவேற்பில் டிஸ்டார்ஷன் (கிட்டாரின் கரகரப்பு) ஏற்றி இதை வாசித்தோம். பையன்கள் ஆடினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் காதோரம் கையைக் குவித்து வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். ரெண்டு நிமிஷத்தில் கையை இறக்கிவிட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பாட்டு என் வயதுக்காரர்களிடம் போய்ச் சேர வேண்டும், வார்த்தையும் சாகக் கூடாது. யாராவது வழி சொல்லுங்கள்.

நாகர்கோவில் பேஸ்:

தம்பி, முதலில் கிளிக்கைத் தூக்கிப் போடு. குரல் முன்னால் போகட்டும், டிரம்ஸ் பின்னால் வரட்டும். கவ்வாலி என்கிற சூஃபிப் பாட்டில் கைதட்டுதான் தாளத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சூடேற்ற ஏற்ற, தட்டும் கூடவே ஏறும்.

1990இல் வந்த, கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் ‘மஸ்த் மஸ்த்’ ஆல்பத்தைக் கேள். மைக்கேல் புரூக்கின் கிட்டார் பல இடத்தில் சுரத்தை நீட்டிப் பிடித்துக் குரலுக்குக் கீழே பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். சல்மான் அகமதுவின் பாகிஸ்தான் ராக் பேண்ட் ஜுனூன் வேறு வழி. 1999இல் வந்த ‘பர்வாஸ்’ ஆல்பத்தில் பஞ்சாபி சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவின் வரிகளை எடுத்துக்கொண்டு பாட்டைப் புதிதாகவே கட்டினார்கள். இந்த ரெண்டில் உனக்கு எது என்று முதலில் முடிவு செய்.

அப்புறம், பவர் கார்டு போதும். அதில் ஸட்ஜமும் பஞ்சமமும்தான், தம்புரா மாதிரி. காந்தாரம் சேர்த்து முழுக் கார்டு பிடித்தால் வாப்பாவின் ராகத்தோடு இடிக்கும்.

கோட்டாறு மாமா:

மக்களே, நீ கேட்டதே சந்தோஷம். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ஆண்டுவிழா ராத்திரிக்குக் கிட்டாரைக் கொண்டு போகாதே. அது ஊர் கூடி உட்கார்ந்து பாடுகிற வழிபாடு. அங்கே பாடுகிறவன், கேட்கிறவன் என்று தனித்தனியாக இல்லை. உனக்கு வேறு மேடை இருக்கிறது.

மேடைக்கு என்றால் தமிழ் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் மனோன்மணிக் கண்ணியில் தொடங்கிப் பாரேன். ரெண்டு ரெண்டு அடிதான். ஒவ்வொரு கண்ணியும் ‘மனோன்மணியே’ என்ற கூப்பிடுதலில் போய் முடியும். அடி ஓடும்போது கருவியெல்லாம் அடங்கி இருக்கட்டும். அந்தக் கூப்பிடுதலில் உன் டிரம்ஸ், டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் திறந்துவிடு. வார்த்தையும் கேட்கும், உன் பையன்களும் ஆடுவார்கள். அந்த வரவேற்புப் பெரியவர் கையை இறக்க மாட்டார்.

தக்கலைக்காரன்:

மாமா, அண்ணே, நேற்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டோம். கண்ணி ஓடும்போது டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஸ்நேர் டிரம்மில் விரலால் மட்டும் தட்டினான். கூப்பிடுதலில் நாலு பேரும் சேர்ந்து இறங்கினோம். மூன்றாவது தடவையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஞானப்புகழ்ச்சியை இப்போதைக்குத் தொடவில்லை. அதை வாப்பாவிடம் உட்கார்ந்து ஒழுங்காகப் பாடக் கற்ற பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை வாப்பாவையே பாடக் கூட்டி வருகிறேன். டயர் கடை மாடிப்படி செங்குத்து, அவருக்கு முட்டு வலி. பாதிப் படியில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.