கமலாபுரத்திலிருந்து தேவனஹள்ளி: எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம்?

ஓமலூர்க்காரர்

கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்கும் தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். தேடினால் இந்த எண்தான் முதலில் வரும், அதை வைத்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள். கமலாபுரத்தில் இறங்குவது ஏடிஆர் மாதிரி சின்ன விமானம். ஏறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ரோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் வரை இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். அப்புறம்தான் சோதனை. விமான நிலையம் இருப்பது ஊருக்கு வடக்கே, நாம் நுழைவது தெற்கே. எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று மொத்த நகரத்தையும் கடக்க வேண்டும். குவைத் போகும் சித்தப்பா குடும்பத்தை ஏற்றிவிட ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். சில்க் போர்டிலிருந்து ஹெப்பாள் தாண்டுவதற்குள், இங்கிருந்து கிருஷ்ணகிரி போக ஆன நேரத்தைவிட அதிகமாகிவிட்டது. "கவுண்டரை மூடிடுவாங்களா தம்பி?" என்று சித்தி கேட்டுக்கொண்டே வந்தார். வெளிநாட்டு விமானம் என்றால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்லவேளை, கடைசி வரிசையில் போய் நின்றார்கள். கூட்ட நேரம் என்றால் ஆறு மணி நேரம் வேண்டும், குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் இன்னும் கொஞ்சம்.

ஏற்காட்டுவாசி

எங்களுக்கு மலை இறங்கும் நேரமும் சேரும். 20 கொண்டை ஊசி வளைவுகள், பனி இறங்கினால் ஊர்ந்துதான் வர முடியும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். அதனால் ஷார்ஜா, சிங்கப்பூர் போகிறவர்களை நான் கோவைக்கே போகச் சொல்கிறேன். சேலத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி வழி. பீளமேட்டில் விமான நிலையம் நாம் வரும் பக்கத்திலேயே இருப்பதால் கோவை நகருக்குள் போக வேண்டியதே இல்லை. டிக்கெட் கொஞ்சம் கூடினாலும் அம்மா அப்பாவை அலைக்கழிக்காமல் அனுப்பி வைக்க முடிகிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

ஓமலூர்க்காரர்

கோவையிலிருந்து நேரடி விமானம் இருந்தால் நானும் அதையே சொல்வேன். பெங்களூருதான் என்றால் இன்னொன்று: திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் பின்னால் வரும் எல்லா வண்டியும் நிற்க வேண்டியதுதான். தூக்கக் கலக்கத்தோடு அந்த இறக்கத்தில் யாரும் ஓட்டாதீர்கள், தருமபுரியில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டை வழியாகப் போனால் நகரத்தைத் தவிர்க்கலாம். இரவில் அந்த ரோட்டில் போனவர்கள் இருந்தால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், அடுத்த மாதம் அத்தையை அழைத்து வர வேண்டும்.