'சிங்கின் இன் த ரெயின்' படத்தில் கேத்திக்காகப் பாடியது யார்?

கேள்வி:
வணக்கம். 1952-இல் வந்த இந்தப் படத்தைப் போன வாரம்தான் முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன், இன்னும் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. மௌனப் பட நட்சத்திரம் லீனாவுக்குக் கீச்சுக்குரல். பேசும்படம் வந்ததும் மானம் போய்விடும் என்று பயந்து, கேத்தி என்ற புதுப்பெண்ணை மைக் முன்னால் நிறுத்தி லீனாவுக்காகப் பேசவும் பாடவும் வைக்கிறார்கள். கேத்தியாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். ஆனால் 'குட் மார்னிங்' பாட்டில் கேட்ட குரலும் 'வுட் யூ' பாட்டில் கேட்ட குரலும் ஒரே ஆளுடையதாகத் தெரியவில்லை. டைட்டிலில் வேறு பாடகி பெயரும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். 'குட் மார்னிங்' டெபியின் சொந்தக் குரல். 'வுட் யூ' பாடியவர் பெட்டி நோயஸ். கடைசியில் வரும் 'யூ ஆர் மை லக்கி ஸ்டார்' பாட்டில் கேத்தியின் குரலும் அவருடையதுதான். 1941-இல் வந்த 'டம்போ' படத்தில் தாய் யானை குட்டியைத் தாலாட்டும் பாட்டைப் பாடியதும் இவரே, அங்கேயும் பெயர் போடவில்லை.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். லீனாவின் வசனத்துக்குக் கேத்தி குரல் கொடுக்கும் காட்சி இருக்கிறதே, அதில் கேட்பது லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயல்பான குரல்! கீச்சுக்குரல் முழுக்க நடிப்பு. அந்த வேடத்துக்காகத் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்காதது எனக்கு இன்றுவரை வருத்தம்.

பதில் 2:
எனக்கு இந்தப் படம் பிடித்ததே அது பிறந்த விதத்தால்தான். தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் முதலில் பாடலாசிரியர். நாசியோ ஹெர்ப் பிரவுன் இசையில் அவர் எழுதிய பாட்டுகள் 1929 முதல் எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் பல படங்களில் வந்தவை, தலைப்புப் பாட்டே 'ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929' படத்தில் வந்துவிட்டது. இந்தப் பாட்டுகளை வைத்து ஒரு கதை எழுதுங்கள் என்று பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் இருவரிடமும் சொன்னார். பாட்டுகள் பிறந்த காலத்திலேயே கதையையும் வைத்துவிடலாம் என்று அவர்கள் முடிவு செய்ததுதான் பெரிய விஷயம். அதனால்தான் கதை நடப்பது 1927-இல், 'ஜாஸ் சிங்கர்' என்ற பேசும்படம் வந்து ஸ்டூடியோக்கள் ஆடிப்போன நேரம். கேமரா சத்தம் கேட்காமலிருக்க அதைக் கண்ணாடி அறைக்குள் அடைப்பது, மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைப்பது எல்லாம் அந்தக் காலத்தில் நிஜமாகப் பட்ட பாடுதான். இதையெல்லாம் கதாநாயகனாக நடித்த ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கியிருக்கும் வேகத்துக்காகவே நான் எத்தனை தடவையும் பார்ப்பேன்.

பதில் 3:
கெல்லி மழையில் பாடி ஆடும் காட்சியைப் பற்றி ஒன்று. துளிகள் திரையில் நன்றாகத் தெரியத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், தயவுசெய்து அதை நம்பாதீர்கள். மழைக்குப் பின்னாலிருந்து விளக்கு அடித்ததால்தான் துளிகள் அப்படித் தெரிகின்றன, ஒளிப்பதிவாளர் ஹரோல்ட் ராசனின் வேலை அது. அவருக்குச் சேர வேண்டிய பெயரைப் பாலுக்குக் கொடுக்கலாமா? கெல்லி அப்போது 103 டிகிரி காய்ச்சலோடு ஆடினார், இது உண்மை.

டெபிக்கு அப்போது வயது 19. ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியும், நடனப் பயிற்சி கிடையாது. கெல்லி கடுமையாக வேலை வாங்க, ஒரு நாள் பியானோவுக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்து நடன நட்சத்திரம் ஃபிரெட் அஸ்டேர் தன் ஒத்திகையைப் பார்க்கக் கூட்டிப் போனாராம். 'குட் மார்னிங்' படப்பிடிப்பு முடிந்தபோது டெபியின் காலில் ரத்தம். சில வரிகளை வேறொருவர் பாடினார் என்பதற்காக அந்தப் பெண்ணின் உழைப்பைக் குறைத்து எண்ண வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. டெபியைக் குறைத்துச் சொல்ல நான் நினைக்கவே இல்லை, அந்தப் பியானோ விஷயம் படித்தபின் அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. நேற்று ராத்திரி கடைசிக் காட்சியை மறுபடி போட்டேன். மூன்று பேர் கயிறு இழுத்துத் திரையைத் தூக்க, மைக் முன்னால் கேத்தி நிற்கிறாள், நீங்கள் கேட்டது இவள் குரல் என்று கெல்லி கூட்டத்திடம் சொல்கிறார். அடுத்த நிமிடமே 'லக்கி ஸ்டார்'. பெட்டி நோயஸ் பாடிய வேறு படங்கள் யாருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்கப் போகிறேன்.