தரங்கம்பாடி போனவர்கள் சொல்லுங்கள், எது இன்னும் மனதில் உறுத்துகிறது?

உப்புக்காற்று:
மாசிலாமணிநாதர் கோயில் பழைய கோலத்தில் இருந்தபோது, சுனாமிக்கு முந்தைய வருடம், அப்பாவைக் கூட்டிப் போனேன். பொறையாற்றில் பிறந்து வளர்ந்தவர், அப்புறம் ஐம்பது வருடம் திருச்சிவாசி. கோயில் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, முன்பக்கத்தைக் கடல் தின்றது. அப்பா உள்ளே போய்க் கும்பிடக்கூட இல்லை. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் இருந்து கிழக்கே அடி எண்ணி நடக்க ஆரம்பித்தார். பதினேழாவது அடியில் அலை வந்து வேட்டியை நனைத்தது. நின்றார். "இன்னும் இருக்கு" என்றார். என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், திருநள்ளாற்றில் நடை சாத்திவிடுவார்கள் என்று எனக்கும் அவசரம். அடுத்த ஆடியில் அப்பா போய்விட்டார். மண்டபமா, கிணறா, நந்தியா? தெரியாது.

மீட்டர்கேஜ்:
எல்லோரும் கோட்டையைப் பற்றியே பேசுவீர்கள் என்று தெரியும், நான் ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். மாயவரம் – தரங்கம்பாடி லைன், 1926இல் வந்தது, 1986இல் நிறுத்திவிட்டார்கள். முப்பது கிலோமீட்டர்தான். ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று நின்று நின்று போகும். ஆச்சி செத்தபோது அவள் வெற்றிலைப் பெட்டியில் ஓர் அட்டை டிக்கெட் கிடைத்தது. சுண்ணாம்புக் கறையோடு, ஓரத்தில் ஓட்டை போட்டது. யாரோடு போனாள், ஏன் வைத்திருந்தாள், கேட்க ஆளில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று என் பர்ஸில் வைத்தேன். அந்தப் பர்ஸ் மதுரை பஸ் ஸ்டாண்டில் போய்விட்டது. பணம் போனது நினைவே இல்லை.

அச்சுக்கோத்தவர் மகன்:
அப்பா முப்பத்தைந்து வருடம் கம்பாசிட்டர். தமிழ் முதன்முதலில் அச்சேறிய ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பார். ஓய்வு பெற்ற பிறகு அழைத்துப் போனேன். 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், உள்ளே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கல்லறை, எல்லாம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வெளியே சர்ச் வளாகத்தில் ஒரு பழைய கல்லறைக் கல். குனிந்து எழுத்தின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார். பிரஸ்ஸில் தேய்ந்த டைப்பைத் தள்ளிவைக்கும்போது செய்கிற அதே தடவல். "தேயல" என்றார். அவர் விரலில் ரேகை கிடையாது. ஆதார் எடுக்கும்போது மிஷின் பீப் பீப் என்று கத்தியது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

கல்வெட்டுக் கிறுக்கன்:
மேலே உள்ள நண்பருக்கு: தமிழ் முதன்முதலில் அச்சேறிய ஊர் தரங்கம்பாடி இல்லை. ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால் வைத்ததே 1706இல். அவர் பெருமை வேறு. புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு 1715இல் முடித்தார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை, இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம் இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பா மூடிகளிலிருந்து வந்தது என்பார்கள். இதை அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இன்னொன்று. "அலைகள் பாடும் ஊர், அதனால் தரங்கம்பாடி" என்று எல்லா கைடும் ஒப்பிக்கிறார்கள். கோயில் கல்வெட்டில் இருப்பது சடங்கன்பாடி. போகிறவர்கள் முதலில் கோயில், அப்புறம் 1792இல் கட்டிய ஊர் நுழைவாயில், கடைசியில் டேனிஷ்காரர்களின் டேன்ஸ்போர்க் கோட்டை என்று பாருங்கள். கோட்டை 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதியில் எழுந்தது, அந்த அனுமதியை எழுதிய பொன்னோலை டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கிறது, இங்கே தேடாதீர்கள். 1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்தே பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். ராஜ வீதியில் மத்தியானம் நடக்காதீர்கள், நிழல் கிடையாது. தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள். தொப்பியும்.

உப்புக்காற்று அவர்களே, ஒரு காலடி இரண்டரை அடி நீளம் என்று வைத்தால் பதினேழு காலடிக்கு நாற்பத்திரண்டரை அடி. அதற்கு மேலும் இருந்தது என்றால் முன் மண்டபமாகத்தான் இருக்க வேண்டும்.

என் அனுபவம்: அந்தக் கோயில் சிதிலமாக இருந்தபோது எத்தனை அழகு! இப்போது புதுசாகக் கட்டி வண்ணம் அடித்ததைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பொறையாறு மருமகள்:
கிறுக்கன் சார், சாமிக்குக் கூரை வேண்டாமா? இடிந்து கிடந்தால் உங்களுக்கு போட்டோ நன்றாக வரும். நாங்கள் அங்கே விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள்.

எங்கள் தெருவுக்குத் தரங்கம்பாடிக் குப்பத்திலிருந்து ஓர் அக்கா மீன் கொண்டு வருவார்கள். சுனாமிக்கு அப்புறம் நாலைந்து மாதம் வரவில்லை. உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கவும் பயம். ஒருநாள் கூடையோடு வந்தார்கள். நெத்திலி. நான் வழக்கம்போல, வாய்ப் பழக்கம்தான், ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னேன். சரி என்று அளந்து போட்டார்கள். அப்புறம்தான் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன். சின்னவன் இல்லை என்றார்கள். நான் கோயிலைப் பற்றி ஏதோ உளறினேன், சாமி காப்பாற்றியிருக்கக் கூடாதா என்கிற மாதிரி. "அவரே பாதி வீட்டைக் கடலுக்குக் குடுத்துட்டுத்தானே தங்கச்சி உக்காந்திருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டைச் சரிசெய்து கூடையைத் தூக்கினார்கள். ஐந்து ரூபாயைத் திரும்பக் கொடுக்க ஓடினேன். வாங்கவில்லை. பேசி முடித்த விலை என்றார்கள்.

அச்சுக்கோத்தவர் மகன்:
கொல்லம் எனக்கும் தெரியும் ஐயா. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவருக்கு இந்த ஊர்தான் பக்கம், பஸ்ஸில் போய்வரலாம். ஈயச் சமாச்சாரம் புதிது, சொல்கிறேன்.

உப்புக்காற்று:
நாற்பத்திரண்டரை அடி வராது. அப்பாவுக்கு முழங்கால் வலி, சின்னச் சின்ன அடியாகத்தான் வைப்பார்.