புள்ளி வைத்தது மறைக்கத்தானா?

தூரிகை: ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பாலைவன ஓவியம் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். புனிதக் கதைகள் வெளியாட்கள் கண்ணில் படாமல் மறைக்கத்தான் புள்ளி வைத்தார்களாம். என்ன மூளை!

செம்மண்: இதை இன்னும் எத்தனை பேர் சொல்வீர்கள்? புள்ளி என்ன, அவர்கள் பலகையில் வரையத் தொடங்கிய 1971-இல், நடு ஆஸ்திரேலியாவின் பாப்புன்யா ஊர்ப் பள்ளிக்கூடத்திலா முளைத்தது? சடங்குக்குத் தரையில் வரையும்போது காவி கலந்த செடிப் பஞ்சைப் பொட்டுப் பொட்டாக ஒட்டுவார்கள், உடம்பிலும் புள்ளி வைப்பார்கள், அதுதான் பலகைக்கு வந்தது.

கடலோடி: அப்புறம் ஏன் முதல் பலகைகளில் சடங்குப் பொருட்களை அப்படியே வரைந்தார்கள், மற்ற பாலைவன மக்கள் கோபப்பட்டதும் அவை மறைந்து புள்ளி பெருகியது? மறைக்கத்தான்.

செம்மண்: பெருகியது வேறு, பிறந்தது வேறு. பாப்புன்யா ஓவியர் ஜானி வரங்குலா 1972-இல் வரைந்த 'கலிபின்யா நீர்க் கனவு' படத்தைப் பாருங்கள், அடுக்கடுக்காகப் புள்ளி. மழையும் அதன் பின் முளைக்கும் பச்சையும் அது. மறைக்கவாம்!

கடலோடி: மறைக்கவில்லை என்று உங்கள் காதில் வந்து சொன்னாரா?

தூரிகை: அந்தப் படம்தானே 2000-இல் 4,86,500 ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது? அவருக்குக் கிடைத்தது வெறும் 150 என்கிறார்களே.

செம்மண்: ஆமாம், மறுவிற்பனையில் 5 சதவீதம் ஓவியருக்குத் தரும் சட்டமே அங்கே 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தம்பி, பேச்சைத் திருப்பாதீர்கள். புள்ளிக்கு வாருங்கள்.

வேம்பு: செம்மண், நீங்கள் 'கனவு' என்று எழுதுவதே தப்பு. அவர்கள் மொழியில் அது ஜுகுர்பா. தூக்கத்தில் வருவது இல்லை. மூதாதையர் நடந்து நிலத்தை உண்டாக்கியது, இன்றைக்கும் நடக்கும் சட்டம்.

கடலோடி: வந்துவிட்டார் வாத்தியார். போன மாதம், பாப்புன்யா பள்ளிச் சுவரில் இருந்த தேன் எறும்பு ஓவியத்தை அங்கே ஆசிரியராக இருந்த ஜெஃப்ரி பார்டனே வரைந்தார் என்று எழுதியவர்தானே நீங்கள்?

வேம்பு: 'வரையச் சொன்னார்' என்று எழுதினேன். படிக்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய?

செம்மண்: சுவரில் வரைந்தது ஊர்ப் பெரியவர்கள். பார்டன் பெயிண்ட் கொடுத்தார், ஊக்கம் கொடுத்தார், அவ்வளவுதான். சரி கடலோடி, மூன்றாவது முறை கேட்கிறேன்: தரையில் வைத்த புள்ளி யாரிடமிருந்து மறைக்க?

கடலோடி: பலகையைப் பற்றிக் கேட்டால் தரையைக் காட்டுகிறீர்கள். பலகையில் மறைக்கத்தான்.

செம்மண்: நாலாவது முறை கேட்கிறேன்...

தூரிகை: நான் காணொளி பார்த்ததே தப்பு.